கட்டைவிரல் மறைத்த கோல்

வீடியோ ஸ்டுடியோவில் அக்கா தங்கை இருவருக்கும் ஒரே சட்டம்தான். ஹார்ட் டிஸ்கில் படம் இருந்தால் அதன்மேல் சிவப்பு ரப்பர் பேண்ட். வெறும் டிஸ்க் என்றால் ஒன்றும் இருக்காது. ஆறு வருஷமாகப் பிசகாத சட்டம். அன்று சின்னவள் மேசையில் பேண்ட் இல்லாமல் கிடந்த டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்த ரப்பர் பேண்ட் அக்காவின் கொண்டையில் இருந்தது.

“அக்கா, தலையில என்னது?”

“முடி கண்ணுல விழுந்துச்சு. ஒரு டிஸ்க்லேர்ந்து உருவிக்கிட்டேன். ஏன்?”

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ! நேத்து எடுத்த மேட்ச் வீடியோ போச்சே!”

நேற்றைய கால்பந்து இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் சின்னவளின் மகள் அடித்த கோலில்தான் அவள் அணிக்குக் கோப்பை கிடைத்தது. பந்து கோட்டைத் தாண்டவே இல்லை என்று எதிரணி போட்டிக் குழுவிடம் புகார் கொடுத்திருந்தது. ஐந்து மணிக்குள் வீடியோவைக் காட்டி நிரூபிக்காவிட்டால் கோப்பையைத் திருப்பித் தர வேண்டும். கேமரா கார்டுகளையோ நேற்றே துடைத்துவிட்டார்கள். இப்போது மணி இரண்டரை.

“கண்ணை எங்கடி வச்சிருந்தே?”

“சட்டம் போட்டதும் நீ, ரப்பர் பேண்டை எடுத்துக் கொண்டை போட்டதும் நீ. கேள்வி மட்டும் என்னையா?”

சண்டை போட்டபடியே இரண்டு தெரு தள்ளியிருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஓடினார்கள். ரிப்பேர்க்காரர் காதில் செருகிய ஸ்க்ரூடிரைவரோடு நிதானமாகக் கேட்டார்.

“ஃபார்மட் பண்ணப்புறம் இதுல ஏதாவது ஏத்துனீங்களா?”

“இல்லண்ணே, தொடவே இல்ல.”

“எவ்வளவு நேரம் ஓடுச்சு?”

“கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.”

“அப்போ பயப்படாதீங்கம்மா. வீட்டுக்குள்ள சாமான் அப்படியே இருக்கு. எது எங்க இருக்குன்னு எழுதி வச்ச சீட்டைத்தான் கிழிச்சிருக்கீங்க. தேடிப் பொறுக்கிடலாம்.”

திரையில் பச்சைக் கோடு எறும்பாய் ஊர்ந்தது. முப்பது சதவீதம். நாற்பது. சின்னவளின் ஃபோன் அலறியது.

“அம்மா, எங்க இருக்கீங்க? அந்த டீம் கோச் இப்பவே வந்து உக்காந்துட்டாரு. என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு!”

அக்கா ஃபோனைப் பிடுங்கினாள். “சிரிக்கட்டும்டி! பெரியம்மா எடுத்த வீடியோவுல பந்தோட தையல்கூடத் தெரியும்!”

“நீ அதைப் போட்டுப் பாத்தியா?” என்றாள் சின்னவள்.

“நான் எடுத்ததை நானே எதுக்குப் பாக்கணும்?”

நாலு மணிக்குக் கோப்புகள் வந்து குவிந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். யாரோ கேக் வெட்டினார்கள், ஒரு குழந்தை அழுதது. பதினேழாவதில் மைதானம்! மகள் ஓடுகிறாள், உதைக்கிறாள், “கோ...ல்!” என்று அக்காவின் குரல் காதைப் பிளக்கிறது. அதோடு கேமராவும் துள்ளி, ஒரே நீல வானம்.



“வானம் நல்லா விழுந்திருக்கும்மா,” என்றார் ரிப்பேர்க்காரர்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. சின்னவள் விடாமல் அடுத்ததைத் திறந்தாள். திரையின் பாதியை ஏதோ சிவப்பாக மறைத்திருந்தது.

“இது நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னு எடுத்ததாச்சே! ஏத்துன உடனே அழிச்சிட்டேன்னு சொன்னியே?”

“அழிச்சேனே! பாதி உன் கட்டைவிரல்தானே இருந்துச்சு?”

“முன்னாடி அழிச்சதும் சேந்துதாம்மா வரும்,” என்றார் ரிப்பேர்க்காரர்.

இடப்பக்கம் முழுக்கக் கட்டைவிரல். வலப்பக்கம் கம்பம், வெள்ளைக் கோடு. கோல்கீப்பர் பாய்ந்து விழ, பந்து அவள் கையில் பட்டு உள்ளே உருண்டது. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் பச்சைப் புல்!

“கோல்!” என்று முதலில் குதித்தவர் ரிப்பேர்க்காரர்தான். காதிலிருந்த ஸ்க்ரூடிரைவர் எங்கோ தெறித்தது.

பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் பறந்தார்கள். ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கையில் குழுவின் முன் நின்றார்கள். மூன்று பேர் மூன்று தடவை பார்த்தார்கள். கோச்சின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“கோல்தான்,” என்றார் தலைவர். “அது சரி, குறுக்க இருக்கிற விரல் யாரோடது?”

“எங்க கேமராவுமன் விரல் சார்,” என்றாள் அக்கா, தங்கையின் கையைப் பிடித்துத் தூக்கி. மகள் ஓடிவந்து அந்தக் கட்டைவிரலுக்கே ஒரு முத்தம் வைத்தாள்.

அக்கா கொண்டையிலிருந்த ரப்பர் பேண்டை உருவிப் பென் டிரைவில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். முடி கலைந்து கண்ணில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.