அண்ணையின் பேருக்கு ஓர் அர்ச்சனை

துபாய்க்குப் போய் வந்தவன் கோயிலுக்குப் போவது ஒரு குற்றமா? வியாழன் இரவு லண்டன் ஹீத்ரோவில் வந்து இறங்கினோம். வெள்ளிக்கிழமை காலை எழும்பிக் குளித்து, வேட்டி கட்டி, அதற்கு மேல் தடித்த கோட்டையும் மாட்டிக்கொண்டு இல்ஃபோர்டில் ரயில் ஏறினேன். மனைவி சுவர்ணாவும் மகள் மேனுஷாவும் இன்னும் நித்திரை. ஒரு கிழமையாகக் கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்ததுகள், படுக்கட்டும் என்று எழுப்பாமல் வந்தேன். அந்த அளவுக்கு நல்ல மனுசனாக இருந்திருக்கிறேன் பாருங்கள்.

கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் இருந்தது, கொட்டை எடுத்தது. அண்ணைக்குப் பல் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்த மனுசனிடம், துபாய்க்குப் போகவா விடவா என்று போனில் கேட்டேன். "நீ போட்டு வா. சுவர்ணாவும் பாவம், எங்கை போனவள். எனக்குக் கொட்டை இல்லாத பேரீச்சம்பழம் கிடைச்சா வாங்கியா" என்றார். வாங்கி வந்தேன். ஊருக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்துவிடலாம், அதற்கு முன் முருகனுக்குக் கொஞ்சம் வைத்து அண்ணையின் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்விப்போம் என்று நினைத்தேன்.

ஆர்ச்வேயில் இறங்கி ஹைகேட் முருகன் கோயிலுக்கு ஏற்றம் ஏறி, மதியப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது தவமலர் வந்தாள். எங்கள் ஊர்க்காரி, பிளேஸ்டோவில் இருக்கிறாள். என்னைக் கண்டதும் அவள் முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

"செல்வரத்தினம் அண்ணை, நீங்கள் என்ன இஞ்சை நிக்கிறியள்?"

"ஏன், எனக்கு முருகன் இல்லையோ?"

"துடக்கோடை உள்ளுக்கு வரலாமோ அண்ணை?"

கூடப் பிறந்தவன் செத்தால் துடக்கு, முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது என்பது எங்கள் சனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் போய் எனக்குச் சொல்கிறாள். இவளுக்கு ஆள் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"ஆரின்ரை துடக்கு? விசர்க்கதை கதையாதை."

அவள் தட்டைப் பார்த்தாள். "இந்த அர்ச்சனை ஆற்றை பேருக்கு?"

"அண்ணையின்ரை பேருக்குத்தான். ஞானலிங்கம், அத்த நட்சத்திரம். அந்தாளுக்கு நெஞ்சுநோ வந்தது உனக்குத் தெரியுமெல்லோ."

தவமலர் என் கையிலிருந்து தட்டை மெதுவாக வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணை, செவ்வாய்க்கிழமை பிரேதம் எடுத்ததெல்லோ. நான் லைவிலை பாத்தனான். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

ஐயர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தவமலர் என்னை வெளியே கூட்டிவந்து படியில் இருத்தினாள். அண்ணை ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டார். நான் வருவேன் என்று ரெண்டு நாள் வைத்திருந்திருக்கிறார்கள். பிறகு நாங்கள் துபாய்க்குப் போகவே இல்லை, லண்டனில் எனக்குப் பிரஷர் கூடிவிட்டது, டொக்டர் பிளைட் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று சேதி போயிருக்கிறது.

"ஆர் சொன்னது?"

"சுவர்ணா அக்காதான் போன் பண்ணினவவாம். ஆனா பிரேதம் எடுத்த அண்டைக்குப் பின்னேரம் மேனுஷாவின்ரை ஸ்டேட்டஸிலை நீங்கள் ஒட்டகத்திலை இருந்து சிரிச்சுக்கொண்டு போறியள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. குடும்ப விசயம், நான் ஏன் வாய் வைப்பான் எண்டு விட்டிட்டன்."

அவளில் கோபித்து என்ன பிரயோசனம். பேரீச்சம்பழப் பெட்டியைக் கூட எடுக்காமல் இறங்கி நடந்தேன்.

ரயிலில் எனக்கு நேரே இருந்த வெள்ளைக்காரப் பெண் எழும்பி வேறு இடத்துக்குப் போனாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். இருக்கட்டும்.

அண்ணைக்கு ஆண்பிள்ளை இல்லை, பிரசாந்தினி என்று ஒரே மகள். அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். அது எழுதி ஒப்பந்தம் போட்ட விசயம் இல்லை, எங்கள் வழக்கம். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் பகிடியாகச் சொல்வார், "எனக்குக் கொள்ளி வைக்கிறது நீதான், அதுக்குள்ளை லண்டனிலை செத்துக்கித்துப் போடாதை" என்று. நானும் "அப்ப வெள்ளனச் செத்துத் துலை" என்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம். அந்த ஒரு கடமையைத் தவிர அவர் என்னிடம் வாழ்நாளில் வேறு எதையும் எதிர்பார்த்ததில்லை.

துபாயில் ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காலைச் சாப்பாட்டில் மேனுஷா என் போனைப் பறித்தாள். "அப்பா, ஹொலிடேயிலை போன் வேண்டாம். இஞ்சை வட்ஸப்பிலை கதைக்கவும் ஏலாது, வாட்ஸ் த பொயின்ட்?" என்று சொல்லி ஹோட்டல் அறைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினாள். துபாயில் வட்ஸப் அழைப்பு வேலை செய்யாதுதான். நானும் சரி என்றேன். பிள்ளை தகப்பனோடு இருக்க ஆசைப்படுகிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. அன்றைக்கு அந்த வானளாவிய கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றினார்கள். கீழே ஊர் விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடந்தது. "ஊர்ப் பக்கம் எது?" என்று சுவர்ணாவிடம் கேட்டேன். அவள் கடல் பக்கம் கையைக் காட்டினாள், பிறகு மூக்கைச் சிந்தினாள். ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அண்ணை போனதைத் தெரிந்துகொண்டுதான் காட்டியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பாலைவனம். மணல்மேட்டில் ஜீப்பை ஏற்றி இறக்கிக் குடலைக் குலுக்கினார்கள், ஒட்டகத்தில் ஏற்றினார்கள், கூடாரத்தில் இருத்தி ஆட்டம் காட்டினார்கள். "அப்பா, சிரியுங்கோ" என்றாள் மேனுஷா. நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். அந்த ஊரிலிருந்து கொழும்புக்கு நாலரை மணித்தியாலம். லண்டனில் இருந்திருந்தால் தூரம் என்று மனதைத் தேற்றலாம். என்னைப் பாதி வழிக்குக் கொண்டுபோய் ஒட்டகத்தில் ஏற்றி வைத்திருந்திருக்கிறார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது வாசலிலேயே சூட்கேசுகள் விரித்தபடி கிடந்தன. வாசனைப் போத்தல்கள், பட்டுத் துணிகள், பிஸ்தாப் பெட்டிகள். ஒன்றை உதைத்தேன். சுவர்ணா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்கையப்பா போனனீங்கள்? போனும் கொண்டுபோகேல்லை."

"அண்ணை செத்ததை ஏனடி எனக்கு மறைச்சனி?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்."

"எந்த ஞாயிற்றுக்கிழமை? அந்தாள் செத்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமை."

சத்தம் கேட்டு மேனுஷா மேலே இருந்து ஓடி வந்தாள். "அப்பா, ப்ளீஸ், ஷவுட் பண்ணாதேங்கோ. நீங்கள் அப்செட் ஆகக்கூடாது எண்டுதான்."

"என்னை ஒட்டகத்திலை ஏத்தி ஊருக்கே காட்டினது ஆர்? அதுவும் நான் அப்செட் ஆகாமல் இருக்கத்தானோ?"

மேனுஷா அழத் தொடங்கினாள். எனக்கு இரக்கம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

சுவர்ணா அழவில்லை. "சொன்னா உடனை போயிடுவியள்" என்றாள்.

"ஓம், போயிருப்பன். கொள்ளி வைக்க வேண்டியவன் போகாமல்?"

"எனக்குத் தெரியும். கலியாணம் கட்டி வந்த நாளிலை இருந்து எந்த லீவு வந்தாலும் ஊர்தான். அண்ணையின்ரை கிணறு, அண்ணையின்ரை மதில், அண்ணையின்ரை கோயில் திருவிழா. நான் எனக்கெண்டு கேட்டது இந்த ஒரு கிழமைதான். செத்தவரை நீங்கள் போய் எழுப்பப் போறியளோ எண்டு நினைச்சிட்டன். பிழைதான். ஆனா அப்பிடித்தான் நினைச்சனான்."

அவள் சொன்னதில் பாதி உண்மை. ஊரைத் தவிர வேறு எங்கும் அவளை நான் கூட்டிப்போனதில்லை. அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. உன் கிழமையை நீ எடுத்திருக்கலாம், ஹோட்டலிலேயே நின்றிருக்கலாம், தங்கக் கடை முழுதையும் சுற்றியிருக்கலாம். என்னை மட்டும் ஒரு பிளைட்டில் ஏற்றிவிட்டிருக்கலாம். என் பேரில் எனக்குத் தெரியாமல் ஒரு பிரஷர் வருத்தத்தை உண்டாக்கி, என் பேரில் வரமாட்டேன் என்று சொல்ல உனக்கு ஆர் உரிமை தந்தது? இவ்வளவையும் கத்தித்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். தட்டட்டும்.

துபாயிலிருந்தே தன் பைக்குள் வைத்திருந்த என் போனை மேனுஷா கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதே இடத்தில் நின்று அண்ணிக்கு அழைத்தேன். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். ஸ்பீக்கரில் போட்டேன். ரெண்டு பேரும் கேட்கட்டும் என்றுதான் போட்டேன்.

"தம்பியோ?" அண்ணிதான் எடுத்தார். "பிரஷர் இப்ப எப்பிடி?"

"அண்ணி, எனக்குப் பிரஷர் ஒண்டும் இல்லை. அண்ணை போனதே எனக்குத் தெரியாது. இண்டைக்குத்தான், இப்பத்தான் தெரியும்."

மறுபக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவுவது மட்டும் கேட்டது.

"சரி தம்பி" என்றார் அண்ணி.

அந்தச் 'சரி'யில் அவர் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்பது எனக்கு விளங்கியது. நம்பச் சொல்லி எப்படிக் கேட்பது? சிரித்த முகத்தை ஊரே பார்த்திருக்கிறது.

"கொள்ளி ஆர் வைச்சது அண்ணி?"

"பிரசாந்தினிதான். ஆம்பிளையள் கொஞ்சப்பேர் பொம்பிளைப் பிள்ளை சுடலைக்கு வரக்கூடாது எண்டு சத்தம் போட்டவை. சித்தப்பா வரேல்லை, அப்ப நான்தானே எண்டு சொல்லிப்போட்டு நடந்து போனவள். வந்து குளிச்சிட்டு இருக்கேக்கைதான் ஆரோ வீடியோவைக் காட்டிச்சினம். பாலைவனம் நல்ல வடிவு தம்பி."

சுவர்ணா கதிரையில் இருந்துவிட்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நான் வாறன். நாளைக்கே டிக்கெட் போடுறன். மொட்டையும் அடிக்கிறன். எல்லாம் நான் செய்யிறன்."

"நீங்கள் ஏன் தம்பி அலைச்சல்படுறியள்" என்றார் அண்ணி. அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சமாவது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எல்லாம் பிரசாந்தினி செய்வாள். நீங்கள் அங்கையே இருந்து உடம்பைப் பாருங்கோ. பிரஷரோடை பிளைட் ஏறக்கூடாதெல்லோ."

அவர்தான் முதலில் போனை வைத்தார்.