ஏழு வருஷம் துவைக்காத பனியன்

அறுபத்தெட்டு வயதில், இரண்டு முழங்காலும் எண்ணெய் காணாத கதவு போலக் கிறீச்சிட, நூற்றிருபது கிலோமீட்டர் மலைப்பாதையில் பதினோரு இளவட்டங்களைத் தோற்கடித்து நான்தான் முதலில் வந்தேன். கடைசி நாற்பது கிலோமீட்டர் ஈக்களைத் தவிர என்னோடு ஒருவராலும் வர முடியவில்லை.

சிரிக்காதீர்கள். எங்கள் சைக்கிள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக வருகிறவர் 'ராசி பனியனை' வாங்கி, அடுத்த பயணத்தில் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். துவைத்தால் ராசி போய்விடுமாம். ஆக, ஏழு வருஷமாகத் தண்ணீர் காணாத பனியன். மஞ்சளாகப் பிறந்தது, இப்போதுள்ள நிறத்துக்கு எந்த மொழியிலும் பேர் கிடையாது. கக்கத்தில் உப்புப் பூத்து, பொருக்குத் தட்டி, சுவரில் சாய்த்தால் ஆள் மாதிரி நிற்கும். பனியனின் முதுகுப்புறம் தைத்த பையில் எவனோ மறந்துவிட்ட வாழைப்பழம் கரைந்துபோய்த் துணியோடு குடும்பம் நடத்துகிறது. பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை மோந்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்று பயணமாகக் கடைசி ஆள் நான்தான் என்பதால் அது என்னிடமே தங்கிவிட்டது. எனக்கு அதனால் கஷ்டமில்லை. முப்பத்தாறு வருஷம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளன். எனக்கு முன்பே என் மூக்கு ஓய்வு பெற்றுவிட்டது.

சங்கச் செயலாளர் என் மச்சினன். புறப்படும்போதே குண்டைப் போட்டான்.

"அத்தான், இந்தத் தடவையும் கடைசின்னா இனிமே மலைக்கு வேண்டாம். பார்க்கைச் சுத்துற கோஷ்டியில சேர்ந்துக்குங்க."

பார்க் கோஷ்டி என்றால் கூடை வைத்த சைக்கிள், பத்து நிமிஷத்துக்கு ஒரு பெஞ்ச், வாய் ஓயாமல் மலச்சிக்கல் பேச்சு. அதற்கு நான் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.

இளவட்டங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே நழுவிவிட்டேன். மூன்றாவது ஏற்றத்தில்தான் பிடித்தார்கள். எதிர்காற்று முகத்தில் அறைந்தது. அப்படிப்பட்ட காற்றில் முன்னால் போகிறவர் முதுகை ஒட்டி ஓட்டுவதுதான் சூட்சுமம்; அவர் காற்றைத் தாங்கிக்கொள்வார். இளவட்டங்களில் ஒருவரான பல் டாக்டர் என் முதுகை ஒட்டி வந்தார். ஏற்றம் ஆயிற்றே, வாய் குகை மாதிரித் திறந்திருந்தது. எனக்கோ வியர்வை ஊற்றி, ஏழு வருஷச் சரக்கும் ஊறி உயிர்பெற்றிருந்தது.

"ஐயய்யோ! என்னங்க இது, ஏதாவது செத்துக் கிடக்கா?"

"ஆமா டாக்டர், ஏழு வருஷமா!"

முந்திப்போகப் பார்த்தார். பக்கவாட்டில் வந்ததும் கக்கத்துக் காற்று நேராக வாய்க்குள் போயிற்று. காலையில் சாப்பிட்டது முழுவதையும் தன் ஹாண்டில்பாரிலேயே கக்கினார். அந்த வாடையில் அடுத்தவன், அவனைப் பார்த்து அதற்கடுத்தவன். திரும்பிப் பார்த்தேன்: பதினோரு பேரும் வரிசையாகப் பள்ளத்தைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். அப்புறம் ஒருத்தனும் அரை கிலோமீட்டருக்குள் நெருங்கவில்லை. நான் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தேன்.

முடிவிடத்தில் வேனில் முன்கூட்டியே வந்து காத்திருந்தான் மச்சினன்.

"எந்த லாரியைப் பிடிச்சுத் தொத்திட்டு வந்தீங்க?"

"வர்றவங்களைக் கேளு மாப்ளே."

ஒவ்வொருவராக வந்தார்கள், முகம் பாசி பிடித்த மாதிரி. சட்டையெல்லாம் காய்ந்த வாந்தியோடு பல் டாக்டர் கடைசி. எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள்.

"கூட்டுச் சதி! வெறும் நாத்தத்துக்குப் பயந்து பதினோரு பேர் பின்வாங்கினாங்களாம். யாருக்குக் காது குத்தறீங்க? லாரின்னு எழுதிடறேன். நாளையிலேர்ந்து பார்க்குதான்."

"சரி, முறைப்படி பனியனைக் கை மாத்திட்டு எழுது."

கடைசி ஆளுக்குச் செயலாளர்தான் மடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று பயணமாகக் கை மாறாததால் அவன் அதை மறந்தே போயிருந்தான். உரித்தேன். தோல் உரிகிற சத்தத்தோடு வந்தது. சூடாக, சொட்டச் சொட்ட அவன் இரண்டு கையிலும் வைத்தேன். மடிக்க வசதியாக மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டான், பாவம்.

கண் இரண்டும் மேலே செருகின. மைல்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குடல் வாய் வரை வந்து எட்டிப் பார்க்கும்வரை ஓங்கரித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்பாக முதுகைத் தடவினேன்.

"தள்ளிப் போங்க அத்தான்... லாரி இல்ல, சத்தியமா லாரி இல்ல. அவங்க சொன்னது நடந்துதான் இருக்கு. நீங்கதான் முதல்ல வந்தீங்க."