ஒன்றும் கேட்காத கடிதம்

செல்லத்தம்பி கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்காராமல் நின்றார். வழக்கமாக அந்தக் கதிரையில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, மூதூர்ப் பக்கத்துப் புதினமெல்லாம் சொல்லி முடித்துத்தான் விசயத்துக்கு வருவார். இன்றைக்கு இரண்டு தயிர்ச் சட்டிகளோடு கட்டைபறிச்சானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கப்பல் ஏஜென்சிக்குப் போய், அங்கிருந்து நேரே இங்கே வந்திருந்தார். முகம் சரியில்லை. சட்டிகளைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிரேயுள்ள போட்டோக்கொப்பிக் கடையின் முன்பாதியில் எல்சிக்கு ஒரு மேசையும் ஒரு கொம்பியூட்டரும் உண்டு. இருபத்தொன்பது வருசமாக ஆங்கிலத்தில் பெட்டிசம் எழுதுகிறாள். காணி, பென்சன், காணாமல் போன பிள்ளை, உடைந்த மதகு, வராத தண்ணீர்க் குழாய் என்று திருகோணமலையில் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியது எதுவானாலும் எல்சி கேட்டுக் கொடுத்துவிடுவாள். கீழே ஒப்பமிட்டவன் என்று தொடங்கி, குடும்ப நிலை சொல்லி, தாழ்மையாக வேண்டி, தங்களுக்காக என்றென்றும் பிரார்த்திப்பேன் என்று அவள் முடிக்கும்போது வாசிக்கிற அதிகாரிக்கு நெஞ்சு கொஞ்சமாவது இளகும். எல்சி மிஸ்ஸின் பெட்டிசத்துக்குப் பதில் போடாமல் இருக்கக் கொழும்பில் பயப்படுகிறார்கள் என்று ஊரில் ஒரு கதை. அது கொஞ்சம் கூடத்தான், ஆனால் முழுப் பொய் என்றும் சொல்ல ஏலாது.

மூன்று மாதத்துக்கு முன் செல்லத்தம்பியும் மருமகன் பிரதீபனும் கடலில் வள்ளத்தின் எஞ்சின் நின்று நாலு நாள் மிதந்தார்கள். திருகோணமலைக்குக் கோதுமை ஏற்றி வந்த கப்பலொன்று கண்டு அவர்களைத் தூக்கியது. கரைக்கு வந்து, உடம்பு தேறி, முதல் வேலையாகச் செல்லத்தம்பி எல்சியிடம் வந்தார். கப்பல் கப்டனுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் வேண்டும். எல்சி மனதை ஊற்றி இரண்டு பக்கம் எழுதினாள். கீழே ஒப்பமிட்ட செல்லத்தம்பியாகிய நான், கட்டைபறிச்சானில் நிரந்தரமாக வசிப்பவன், என் உழைப்பில் தங்கியிருப்போர் ஆறு பேர் என்று தொடங்கினாள். கிராம சேவகரான விதானையாரின் உறுதிக் கடிதத்தையும், அடையாள அட்டைப் பிரதியையும், எதற்கும் இருக்கட்டுமென்று கலியாணப் பதிவின் பிரதியையும் சேர்த்துப் பின் குத்திக் கொடுத்தாள். தேவாலயத்தில் பழக்கமான பற்றிக் ஏஜென்சியில் வேலை செய்கிறான். அவன்தான் அனுப்பி வைத்தான்.

இப்போது வந்திருப்பது கப்டனின் பதில். எல்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். நீங்கள் நலமாயிருப்பது எங்களுக்குப் பெரிய சந்தோசம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் கவனமாக வாசித்தேன். நீங்கள் கேட்கும் உதவி என்னவென்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. குடும்பத்தில் ஆறு பேர் என்று எழுதியிருந்தீர்கள். கப்பலில் எல்லோரோடும் கதைத்துவிட்டேன். கூச்சப்படாமல் சொல்லுங்கள், எங்களால் ஆனதைச் செய்வோம்.

இரண்டு தரம் கவனமாக வாசித்தேன் என்ற இடத்தில் எல்சிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வரியில் காது சுட்டது. மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். நல்ல மனிதன், எவ்வளவு நல்ல மனிதன் என்று தோன்றத் தோன்ற அவளுக்கு வெட்கம் கூடியது.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே மிஸ்," என்றார் செல்லத்தம்பி. பற்றிக் அவருக்குத் தமிழில் சொல்லியிருந்தான். "உசிரைத் தந்த மனுசனிட்ட இன்னும் கை நீட்டின மாதிரியெல்லோ ஆயிட்டுது."

கப்பல் இரண்டு நாளாகத் துறைமுகத்தில் நிற்கிறது, இன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வெளிக்கிடுகிறது. கப்டனுக்கு இதுதான் கடைசிப் பயணமாம், திரும்பி இந்தப் பக்கம் வரமாட்டாராம். இரண்டு மணிக்குப் பற்றிக் கப்பலுக்குப் போகிறான். அதற்குள் ஒரு கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனிதன் தன்னை உதவி கேட்டு வந்தவனாகவே நினைத்துக்கொண்டு போய்விடுவான் என்று செல்லத்தம்பி சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

பிழை என்னுடையது என்று எல்சி நேராகவே சொன்னாள். பிறகு கொம்பியூட்டரைத் திறந்தாள். அவளுடைய எல்லாக் கடிதமும் ஒரே தொடக்கத்திலிருந்துதான் பிறக்கும். மாட்சிமை தங்கிய ஐயா, கீழே ஒப்பமிட்டவன். அதை அழித்தாள். வெறும் திரை. எழுதத் தொடங்கியதும் தாழ்மையுடன் என்ற சொல் வந்து நின்றது. அதையும் அழித்தாள். தயவுகூர்ந்து என் நன்றியை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன் என்று அடித்து, ஒரு நிமிசம் பார்த்து, இதுவும் ஒரு கேட்பு அல்லவா என்று அழித்தாள். இருபத்தொன்பது வருசத்தில் ஆயிரக்கணக்காக எழுதியிருக்கிறாள். நன்றிக் கடிதம் எழுதித் தரச் சொல்லி இவரைத் தவிர ஒருவரும் வந்ததில்லை. காணி கிடைத்தவன் ஒரு பாரை மீனோடு வந்தான். பென்சன் கிடைத்த மனுசி முருங்கைக்காய்க் கட்டோடு வந்து, மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனாள். இங்கே நன்றி பையில் வரும், வாயில் வராது. அவளும் யாருக்கும் வாயால் சொன்னதாக ஞாபகம் இல்லை.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. எல்சி கதிரையைத் திருப்பிக்கொண்டு, சட்டிகளை வாங்கிக் கீழே வைத்து, அவரை இருக்கச் சொன்னாள்.

"அண்ணை, உங்களைத் தூக்கினாப் பிறகு அந்த மனுசன் என்ன செய்தவர்? எனக்கு நீங்கள் அதைச் சொல்லவே இல்லை."

அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. போன தரம் அவள் கேட்டது அடையாள அட்டை இலக்கம். செல்லத்தம்பி கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். தண்ணீர் தந்ததைச் சொன்னார். கஞ்சி தந்ததை, தன் சப்பாத்தைக் கழற்றித் தந்ததைச் சொன்னார். பிறகு வள்ளத்துக்கு வந்தார்.

"வள்ளத்தை ஏத்த ஏலாது எண்டிட்டினம். விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். நான் பின்பக்கம் நிண்டு பாத்துக்கொண்டு நிண்டன். இருபது வருசம் சோறு போட்ட வள்ளம். அவர் வந்து பக்கத்தில நிண்டவர். ஒரு கதையும் இல்லை. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கொண்டு, அது கண்ணுக்கு மறையுமட்டும் நிண்டவர். செத்த வீட்டில நிக்கிற மாதிரி."

 எல்சி திரும்பிக் கொம்பியூட்டரில் அடித்தாள். இந்தத் தரம் கை நிற்கவில்லை.

அடித்ததை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். "அன்புள்ள கப்டன், என் வள்ளத்தைக் கடலில் விட்டுவிட்டு வந்தபோது, அது மறையும்வரை நீங்கள் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றீர்கள். எங்கள் உயிருக்காக உங்களுக்கு நன்றி. அப்படி நின்றதற்காகவும் நன்றி. நாங்கள் சுகமாக இருக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். இந்தத் தயிர் என் மனைவி உறைய வைத்தது."

"ஓம்," என்றார் செல்லத்தம்பி.  கையெழுத்து வைக்கும்போது, விதானையாரின் கடிதம் வேண்டாமா என்று கேட்டார்.

"ஒண்டும் குத்தத் தேவையில்லை அண்ணை. இது நீங்கள்தான் எண்டு அவருக்குத் தெரியும்."

இத்தனை சின்னக் கடிதத்தை எல்சி ஒருநாளும் வெளியே விட்டதில்லை. பற்றிக் வந்து கடிதத்தையும் ஒரு தயிர்ச் சட்டியையும் எடுத்துக்கொண்டு போனபின், உடுப்பில்லாமல் பிள்ளையை வீதிக்கு அனுப்பிவிட்டது போல அவளுக்கு அந்தரமாக இருந்தது. இருப்புக் கொள்ளவில்லை. மூன்றரைக்குக் கடைக்காரரிடம் மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செல்லத்தம்பியோடு உட்துறைமுக வீதிக்கு நடந்தாள். கடலோர மதிலில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவளுக்கென்று கொண்டுவந்த மற்றச் சட்டி நடுவில் இருந்தது.

பற்றிக் தொலைபேசியில் வந்தான். கொடுத்துவிட்டானாம். கப்டன் என்ன சொன்னார் என்று எல்சி கேட்டாள். வெளிக்கிடுகிற அவசரம், நின்றபடி வாசித்தார், சட்டைப் பைக்குள் வைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை என்றான். அதை எல்சி செல்லத்தம்பியிடம் சொன்னாள்.

நாலேகாலுக்குக் கப்பல் தெரிந்தது. சுமை இறக்கியதால் உயர்ந்து, அடிச் சிவப்புத் தெரிய, மெதுவாகத் துறைமுக வாயை நோக்கிப் போனது. அதன் மேல்தளத்தில் ஆள் நிற்கிறதா என்று இங்கிருந்து சொல்ல ஏலாது. எல்சி கையசைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது செல்லத்தம்பி எழும்பினார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து, இரண்டாக மடித்து, இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டார். கை காட்டவில்லை. 

எல்சியும் எழுந்து நின்றாள். பைக்குள் தொலைபேசி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

கப்பல் முனைக்கு அப்பால் போய்விட்டது. புகை மட்டும் கொஞ்ச நேரம் மரங்களுக்கு மேல் நின்று கலைந்தது. செல்லத்தம்பி துவாயை இன்னும் தலையில் கட்டவில்லை.