காத்தை மூடாதீங்க

நர்மதா எழுதிய செயலி திருச்செங்கோட்டில் வேலை செய்தது. ராசிபுரத்தில் வேலை செய்தது. தான்சானியாவில், அவள் கணவன் ஆனந்தகுமார் கையில் மட்டும் வேலை செய்யவில்லை.

ஆனந்தகுமார் போர்வெல் ரிக்கில் டிரில்லர். முதலாளி அர்த்தநாரியின் ரிக் வண்டி கப்பலில் போனது. பின்னாலேயே அவன் விமானத்தில் போனான். கிணறுகளுக்குச் செலவழிப்பது வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று. இதுவரை காகிதம் போதும் என்றிருந்தவர்கள் கடைசிக் கிணற்றுக்கு விதியை மாற்றினார்கள். தண்ணீர் வந்ததும் டிரில்லர் தன் போனிலுள்ள கிரிப்டோ வாலட்டிலிருந்து டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அது வந்து சேர்ந்தால்தான் கிணறு முடிந்தது, ஆட்கள் ஊர் திரும்பலாம். அதற்கான செயலியைத்தான் நர்மதா எழுதினாள்.

தண்ணீர் நேற்றே வந்துவிட்டது. கையெழுத்து வரவில்லை. இன்று மாலை, கிணற்றை ஒப்புக்கொள்ள வேண்டிய அறக்கட்டளை எஞ்சினியர் வேறு மாவட்டத்துக்குக் கிளம்புகிறார். இனி அடுத்த மாதம்தான் வருவார். வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயிலில் அவர்கள் மகளுக்குக் காதுகுத்து.

"அம்முணி, ஆளு வாரானா இல்லியா?" என்றார் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு ரிக் ஆபீஸில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டேங்கறாருங்கண்ணா. இங்க ஒண்ணும் வரலீங்க."

"போட்டது எங்க போச்சு? பாதிக் கடல்ல நிக்குதா?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. செயலியையும் வாலட்டையும் இணைப்பது ஒரு லைப்ரரி. முகம் தெரியாத யாரோ எழுதி, எல்லோருக்கும் என்று விட்டுவைத்த நிரல். அவள் செயலி அதன் வழியாக வாலட்டிடம் கேட்கும். வாலட், ஆளிடம் கேட்கும். ஆள் சரி என்றால் கையெழுத்து மட்டும் திரும்பி வரும். கையெழுத்தை உண்டாக்கும் ரகசியச் சாவி வாலட்டை விட்டு நகராது. நடுவில் சுமந்து செல்லும் சர்வருக்குக்கூட உள்ளே இருப்பது தெரியாது. இதைப் படித்த நாளிலிருந்து நர்மதாவுக்கு அதன்மேல் ஒரு பயபக்தி இருந்தது. பிழை தன் வரிகளில்தான் இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் துழாவினாள். கிடைக்கவில்லை.

கடைசியில் கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மணிமாறன் போன்ல வீடியோ போடுங்க. நீங்க செய்யறதை நான் பாக்கோணும்."

உடன் வேலை செய்யும் மணிமாறன் போனைப் பிடித்தான். செம்மண், ரிக்கின் டயர், பிறகு ஆனந்தகுமாரின் கை. கிரீஸ் படிந்த பெருவிரல் செயலியைத் திறந்தது. கையெழுத்துப் பொத்தானைத் தொட்டது. வாலட் முன்னால் வந்து நின்றது. எல்லாம் சரி. அடுத்து அந்தப் பெருவிரல் திறந்திருக்கும் செயலிகளின் வரிசைக்குப் போய், அவள் செயலியை மேலே தள்ளி மூடியது. அதன் பிறகு வாலட்டுக்குத் திரும்பி ஒப்புதல் தரப் போனது.

"நில்லுங்க. எதுக்கு அதை மூடுனீங்க?"

"மூடாம?" என்றான் ஆனந்தகுமார். "ஒரு வேலையில இருந்து அடுத்ததுக்குப் போறப்ப முந்துனதை மூடோணுமில்ல."

"யாரு சொன்னா?"

"ராடு மாட்டறதுக்கு முன்னால கம்ப்ரசர் காத்தை மூடாட்டி மூஞ்சி பேந்துரும் புள்ள. இத்தனை வருசத்துல ஒருநாளாவது மறந்திருக்கறனா?"

அர்த்தநாரி சிரித்துவிட்டார். "நாந்தான் பழக்குனேன் அம்முணி. மூடாதவனை வண்டியை விட்டு எறக்கிருவேன்."

நர்மதா சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கையெழுத்து உண்டாகியிருக்கிறது, கிளம்பியிருக்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய செயலியைத்தான் அவன் ஒழுங்காக மூடி வைத்திருக்கிறான். மூடினாலும் தாங்கும்படி அவள்தான் எழுதியிருக்க வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

"ஏனுங்க, இதுல காத்து ஓடிக்கிட்டே இருக்கோணும். மூடாதீங்க. அப்படியே வாலட்டுக்குப் போங்க."

அவன் திரும்பத் திறந்தான். பொத்தானைத் தொட்டான். வாலட் வந்தது. பெருவிரல் பழக்கத்தில் கீழே இறங்கி, பாதியில் நின்றது.

"ஒரு மாதிரி இருக்குது," என்றான்.

"இருக்கட்டுங்க."

அவன் ஒப்புதலைத் தொட்டான்.

அவள் திரையில் ஒரு நீண்ட வரி விழுந்தது. எண்ணும் எழுத்தும் கலந்த, யாராலும் வாசிக்க முடியாத வரி. அதன் கீழே நிரல் ஒரு வாலட் முகவரியைக் கணக்கிட்டுக் காட்டியது. லாரி நம்பரைப்போல அவளுக்கு மனப்பாடமான முகவரி. அவனுடையது.

அர்த்தநாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "அவன் சாவி நம்ம கைக்கு வந்துருச்சா?"

"இல்லீங்கண்ணா. யாரு கைக்கும் வராது."

"அப்புறம் அவந்தான்னு எப்படித் தெரியுது?"

"இந்த வரியில இருந்தே யாரு போட்டாங்கன்னு கணக்குப் போட்டு எடுத்துரலாமுங்க. ஆனா அவரைத் தவிர யாராலயும் இந்த வரியை உண்டாக்க முடியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அந்த வரியையே பார்த்தார். கோயிலுக்குள் நுழைந்தவர்போல அவர் குரல் தணிந்திருந்தது.

"டிக்கெட் போடச் சொல்றேன்," என்றார்.

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பெருவிரல் திரைக்கு மேலே அசையாமல் நின்றது. அதற்கு அப்பால், புதுக் குழாயில் யாரோ குடத்தை வைத்திருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் திருச்செங்கோடு வரை கேட்டது.

"நர்மதா," என்றான் ஆனந்தகுமார். "இப்ப மூடலாமா?"

அவள் அந்த வரியை இன்னொரு முறை பார்த்தாள்.

"மூடிட்டு வாங்க," என்றாள்.