மாசிலாமணிக்கு வழியனுப்பு உபசாரம்

ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் வேலை போன அந்த வருஷங்களில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபையார் ஒரு காரியத்தில் நன்றாகக் கைதேர்ந்து போனார்கள். வழியனுப்புவதில்தான். ஞானஸ்நானம் குறைந்துவிட்டது, கல்யாணம் அதைவிடக் குறைந்துவிட்டது. ரயில் பட்டறையில் சீட்டுக் கிழிந்தவர்களை இலவசக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புவது மட்டும் அமோகமாக நடந்தது. போகிறவருக்கு ஒரு ரோஜா மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட உபசாரப் பத்திரம், அவரை நடுவில் உட்காரவைத்து ஒரு குரூப் போட்டோ, கடைசியில் தேநீரும் கேக்கும். ஆயுசு முழுக்கப் பின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கூட, போகிற அன்றைக்கு நடு நாற்காலிக்கு வந்துவிடலாம்.

இதற்கெல்லாம் மூளை சபைச் செயலாளர் மிஸ்டர் ஜெபரத்தினம். அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிளார்க்கு. எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். போதகர் என்று ஒருவரும் இருந்தார். செயலாளர் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். உபசாரப் பத்திரத்தை மிஸ்டர் ஜெபரத்தினம் ஒரே ஒருமுறைதான் சிரமப்பட்டு எழுதினார். பிறகு பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். அதனால் கள்ளுக்கடையைத் தவிர வேறு இடம் தெரியாத ஒரு ரயில் என்ஜின் பயர்மேனும் ‘மதுவிலக்கில் எங்களுக்கு முன்மாதிரியாய் விளங்கிய உத்தமர்’ என்ற பெயரோடு கப்பலேறினார். அதைக் கேட்டபோது அவர் மனைவிக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

அடுத்த மாலை மாசிலாமணிக்கு என்று முடிவாயிற்று.

மாசிலாமணி பட்டறையில் ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலை போய்விட்டது. குடியிருந்த லயத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மிஸ்டர் ஜெபரத்தினம் அவர் பெயரைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த பிறகு அவரிடம் சொன்னார். இந்தியாவில் மாசிலாமணிக்கு ஆள் யாரும் கிடையாது. உலகத்திலேயே அவருக்கு இருந்த ஒரே ஆள் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தாள்: மனைவி இராஜம்மா. அவள் கன்னத்தில் முதலில் வெளுப்பு தெரிந்தபோது சபைப் பெண்கள் அவள் பூசும் பவுடரைக் குறை சொன்னார்கள். விவரம் தெரிந்ததும் பவுடரை விட்டுவிட்டார்கள், அவளையும் விட்டுவிட்டார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாசிலாமணி போய்ப் பார்த்துவிட்டு வருவார். கப்பலேறினால் அதுவும் இல்லை.

புதன்கிழமை கப்பல். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாட்டுவண்டிக்கார வேலாயுதம் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

“அண்ணே, கிள்ளான்ல ஜெய்னுலாபுதீன் ராவுத்தர் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கு ஆள் தேடுறாரு. போய்ப் பாருங்க. உங்களுக்கு ஊரு தாங்காது, சொல்லிட்டேன். அங்க பெயிண்ட் அடிக்க ரயில் பெட்டி ஏது?”

மாசிலாமணி அன்றைக்கே ரயிலேறினார். ராவுத்தர் அரிசி மூட்டைகளுக்கும் கருவாட்டுக் கூடைகளுக்கும் நடுவே உட்கார்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க வேதக்காரரா?”

“ஆமா முதலாளி.”

“நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் தொழப் போயிடுவோம். அந்த நேரத்துல கிட்டங்கியைப் பார்த்துக்க ஒரு ஞாயித்துக்கிழமைக்காரர் வேணும். பின்னாலேயே அறை இருக்கு, தங்கிக்கலாம். ஆனா சாவி கைமாறுற வேலை. உங்க கோயில் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும். ஞாயித்துக்கிழமை கோலாலம்பூருக்கு வர்ற ஜோலி இருக்கு. நானே வந்து கேட்டுக்கிறேன்.”

மறுநாள் சனிக்கிழமை, பார்க்கிற நாள். குடியிருப்பில் எதிரெதிராகப் போட்டிருந்த பெஞ்சுகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். கப்பல் சேதியை அவர் போன மாதமே சொல்லியிருந்தார். அதனால் இராஜம்மா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் கிட்டங்கி விஷயத்தைச் சொன்னார்.

“நிஜமாத்தானா? இல்ல, என்னைச் சமாதானப்படுத்தவா?”

“ராவுத்தர் நாளைக்கே வரேன்னு சொல்லியிருக்காரு.”

“சாயபு கடையில நீங்க. கருவாடு நாத்தம் உங்களுக்கு ஆகாதே.”

“பழகிக்கலாம்.”

அவள் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்ததால் முடிவு வேறு மாதிரி ஆகிவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “நீங்க போயிட்டா நான் இருக்கேனா செத்தேனான்னு எனக்கே யாரும் சொல்ல மாட்டாங்கங்க,” என்றாள். “அடுத்த மாசம் வருவீங்கதானே?”

“வருவேன்,” என்றார் மாசிலாமணி.

அன்று மாலை அவர் மிஸ்டர் ஜெபரத்தினத்தின் வீட்டு வராந்தாவில் போய் நின்றார். செயலாளர் உபசாரப் பத்திரத்தில் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கேக் வேகிற வாசனை.

“இதை இப்ப வந்து சொல்றியே,” என்றார், முழுவதையும் கேட்டுவிட்டு.

“நேத்துதான் ஐயா தெரிஞ்சுது.”

“போட்டோக்காரனுக்குச் சொல்லியாச்சு. கேக்கு அடுப்பில இருக்கு. சபையார் எல்லாரும் சலவைக்குப் போட்டு உடுப்பு வாங்கி வெச்சிருக்காங்க. நீ போகலைன்னா யாரை அனுப்பறது?”

தமக்குப் பதிலாகப் போகக்கூடியவர் யாராவது இருக்கிறாரா என்று மாசிலாமணி ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தார். அவ்வளவு மரியாதைக்காரர்.

“இராஜம்மா இங்க தனியா இருக்கா ஐயா.”

“தனியாவா? கர்த்தர் இருக்கிறார் இல்லையா? அதுவும் இந்தப் பிரிவு கொஞ்ச காலம்தானே. பரலோகத்தில நித்திய காலமும் சேர்ந்து இருக்கப் போறீங்க. அதைப் பத்தி உனக்காகவே புதுசா ஒரு வரி சேர்த்திருக்கேன்.”

“பரலோகத்துக்கு நான் அவசரப்படலை ஐயா. அடுத்த மாசம் சனிக்கிழமைக்குத்தான் கேக்கிறேன். ராவுத்தர் நாளைக்கு வருவாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா…”

மிஸ்டர் ஜெபரத்தினம் கெட்டவர் அல்ல. ஏற்பாடு கெடுவதைத்தான் அவரால் தாங்க முடியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி, சொல்றேன். ஆனா விழா முடியட்டும். நாளைக்கு நீ வாயைத் திறக்காம உபசாரத்தை வாங்கிக்க. சபையார் மனசு புண்படக் கூடாது. எல்லாம் முடிஞ்சதும் ராவுத்தர்கிட்ட நானே பேசறேன்.”

கேக்கின்மேல் உள்ள மரியாதைக்காக மாசிலாமணி தலையாட்டினார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நாற்காலிகள் போட்டார்கள். வராந்தாவில் ‘நீ’யாக இருந்தவர் இங்கே ‘சகோதரர் மாசிலாமணி அவர்கள்’ ஆகிவிட்டார். கழுத்தில் மாலை விழுந்தது. செயலாளர் பத்திரத்தைக் கணீரென்று வாசித்தார். ஆபிரகாம் ஊர் என்னும் பட்டணத்தை விட்டுக் கிளம்பியதுபோல இவரும் கிளம்புகிறாராம். (ஆபிரகாமை யாரும் ஆட்குறைப்பில் அனுப்பவில்லை என்பது போதகருக்கு ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.) மதுவிலக்கு வரி வந்தது. பிறகு அந்தப் புது வரியும் வந்தது: ‘சரீர வியாதியினிமித்தம் பிரிந்திருக்கும் இத்தம்பதிகள் கண்ணீரில்லாத அக்கரையில் சேருவார்கள் என்பதே நமது நம்பிக்கை.’ சபைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஓரிருவர் நிஜமாகவே அழுதார்கள். இராஜம்மா இருக்கும் அக்கரைக்கு ரயில் போகிறது என்பது அவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் போட்டோ. ஹை ஸ்திரீட்டிலிருந்து வந்த ஜப்பான்காரர் மூன்றுகால் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நடு நாற்காலியில் மாசிலாமணி. ஒரு பக்கம் போதகர், மறுபக்கம் செயலாளர், பின்னால் சபையே படிபடியாக.

“ஜாங்கான் கெராக்,” என்றார் போட்டோக்காரர். அசையக் கூடாது.

மாசிலாமணி நேரே பார்த்தார். போட்டோப் பெட்டிக்குப் பின்னால், கோயில் கேட்டில், வெள்ளைத் தொப்பியும் குடையுமாக ஜெய்னுலாபுதீன் ராவுத்தர் வந்து நின்றார். கேக் தட்டோடு அந்தப் பக்கம் போன மிஸஸ் ஜெபரத்தினத்தை ஏதோ கேட்டார். அந்த அம்மாள் நடு நாற்காலியைக் காட்டினாள். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அலைமேல் கப்பல் போகிற மாதிரி ஒரு பாவனையும் செய்தாள். ராவுத்தர் முகத்தில் வியப்பு வந்தது, பிறகு மரியாதை வந்தது. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துப் பிரயாணிக்குச் செய்கிறபடி நெற்றிக்குக் கையை உயர்த்தி ஸலாம் வைத்தார். திரும்பினார்.

எழுந்து ஓட வேண்டும் என்று மாசிலாமணிக்குத் தெரியும். எழவில்லை. சுற்றி நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தவிர, அசையாதே என்று யாராவது சொன்னால் அசையாமல் இருந்தே அவருக்குப் பழக்கம்.

“சாத்து லாகி,” என்றார் துணிக்குள்ளிருந்து போட்டோக்காரர். இன்னொன்று எடுக்க வேண்டுமாம். செயலாளர் கழுத்துப் பட்டியைச் சரி செய்துகொண்டார். குடை தெருமுனையில் மறைந்தது.

போட்டோக்காரர் விட்டதும் மாசிலாமணி மாலையோடே ஓடினார். ஸ்டேஷனில், யாரோ முக்கியமான மனிதர் என்று நினைத்து ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வழி மட்டும் கிடைத்தது. ரயில் போயிருந்தது. திரும்பி வருகிற வழியில் வேலாயுதம் வண்டியை நிறுத்தினான்.

“என்ன அண்ணே, மாப்பிள்ளை தனியா ஓடுறீங்க. பொண்ணு எங்கே?” என்றான். அவர் முகத்தைப் பார்த்ததும் மேலே கேலி பேசாமல், மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை கிள்ளானில் கடை திறக்கும்போதே மாசிலாமணி வாசலில் நின்றார். ராவுத்தருக்கு அவரைப் பார்த்ததில் உண்மையான சந்தோஷம்.

“வாங்க தம்பி. கப்பலுக்கு முன்னால சொல்லிட்டுப் போக வந்தீங்களாக்கும். ஒரு டீ குடிங்க.”

“நான் போகலை முதலாளி. அந்த வேலைக்குத்தான் வந்தேன்.”

ராவுத்தர் குடித்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். உள்ளே யாரோ ஒருவன் கிட்டங்கிக் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

“ஒரு சபையே கூடி மாலை போட்டு அனுப்புது. போற ஆளை நான் எப்படித் தம்பி நிறுத்துவேன்? எங்க ஆளுங்க யாரையும் அப்படி அனுப்பி நான் பார்த்ததில்லை. கண்ணே கலங்கிடுச்சு. நேத்து சாயங்காலமே பக்கத்துல பண்டமாரான் ஊர்க்காரன் ஒருத்தனுக்குச் சாவியைக் குடுத்துட்டேன். பிள்ளை குட்டிக்காரன். குடுத்ததை வாங்கினா அதுங்க என்ன பண்ணும்?”

“வேற ஏதாவது இருக்கா முதலாளி? மூட்டை தூக்கறது?”

“இருக்கிறவங்களையே நிறுத்திட்டு இருக்கேன் தம்பி.” ராவுத்தர் வேறு எங்கோ பார்த்தார். “டீ ஆறுது, குடிங்க.”

மாசிலாமணி டீயைக் குடித்துவிட்டு, கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சேதியைக் கேட்டு மிஸ்டர் ஜெபரத்தினம் வருத்தப்பட்டார். வருத்தத்தின் ஊடே ஒரு நிம்மதியும் தெரிந்தது.

“ராவுத்தர் என்னைக் கேட்டிருந்தா நிச்சயமாச் சொல்லியிருப்பேன். கேக்கலையே. கர்த்தர் ஒரு கதவை அடைக்கிறார்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், மாசிலாமணி. புதன்கிழமை ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் வந்துடு. பாட்டுக்காரங்க ஆபீஸில அனுமதி வாங்கிட்டு வர்றாங்க.”

புதன்கிழமை ஸ்டேஷனில் பாட்டு நன்றாகவே அமைந்தது. ரயில் கண்ணுக்கு மறைகிறவரை கைக்குட்டைகள் ஆடின. துறைமுகத்துக்குப் போக வேண்டிய மாசிலாமணி வழியில் பெட்டாலிங் ஸ்டேஷனிலேயே இறங்கினார். உபசாரப் பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்டவாளத்தோரமாகவே நடந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தார்.

“கப்பல் இவ்வளவு சீக்கிரம் திரும்பிடுச்சா அண்ணே,” என்றான் வேலாயுதம். மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையைக் கூட்டி, சாக்கு விரித்துக் கொடுத்தான். “மாடு கொஞ்சம் குறட்டை விடும். மத்தபடி நல்ல குணம்.”

மூன்று நாள் வேலை தேடி அலைந்தார். பெயிண்டர் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று எல்லாரும் தமிழிலும் மலாயிலும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார். வேறு யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த வசதியுள்ள மனிதர்கள் எல்லாரும் அந்தக் கூரையின் கீழேதான் இருந்தார்கள்.

பின் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், திடுக்கிட்டார், பாட்டுப் புஸ்தகத்தில் பாட்டைத் தேட ஆரம்பித்தார். பாட்டு அப்போது எதுவும் இல்லை.

மிஸ்டர் ஜெபரத்தினம் அறிவிப்பு வாசிக்க எழுந்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் கண்ணை உயர்த்தியபோது மாசிலாமணியைப் பார்த்தார். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் பின் பெஞ்சைப் பார்த்தார். காகிதம் முன்னாடியே எழுதியது. மனுஷன் எழுதாமல் வந்தவன். அரசாங்க ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்தவருக்கு எதை நம்புவது என்று தெரியாதா?

“ஆழ்கடலின்மேல் பிரயாணம் செய்துகொண்டிருக்கும் நமது அன்பான சகோதரர் மாசிலாமணி அவர்களுக்காக ஜெபிப்போமாக.”

சபை முழங்காலிட்டது. சிலர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பின்னால் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். போதகர் உருக்கமாக ஜெபித்தார். புயல் அடிக்கக் கூடாது, அலை எழும்பக் கூடாது, சகோதரர் சுகமாய்க் கரைசேர வேண்டும். எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது தாம் மட்டும் உட்கார்ந்திருப்பது சரியல்ல என்று மாசிலாமணியும் முழங்காலிட்டார். பார்க்கிற நாளை எண்ணிப் பார்த்தார். ரயிலுக்கு வழியில்லை என்றாலும், விடியலில் கிளம்பினால் நடந்தே போய்விடலாம். போய்ச் சேர்ந்ததும் கிட்டங்கி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள். கருவாடு நாற்றம் பழகிவிட்டதா என்று கேட்பாள். அந்த இடத்துக்கு மேலே அவரால் யோசிக்க முடியவில்லை. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

முடிந்ததும் போதகர் வாசலில் நின்று வழக்கம்போல ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். மாசிலாமணியின் கை வந்ததும் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டார்.

“உமக்காகத்தான் ஜெபிச்சோம்,” என்றார் தாழ்ந்த குரலில்.

“கேட்டேன் ஐயா. நானும் சேர்ந்துதான் ஜெபிச்சேன்.”

போதகர் பின்னால் திரும்பினார். செயலாளர் யாருக்கோ போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். பிரமாதமாக வந்திருந்தது, ஒருவர்கூட அசையவில்லை.

“ஐயா, ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கணும்னு கமிட்டியில பேசினதாச் சொன்னாங்க. சாப்பாடு மட்டும் குடுத்தாக்கூட நான்…”

அதற்குள் போதகரின் கை அடுத்தவர் கையில் இருந்தது.