ஓட்டக் கற்றுக்கொடுத்தவன்

அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது ஒரே கார் தொழிற்சாலைதான். மாமனார் அங்கே கதவு பொருத்தினார். பணத்தைக் கட்டிவிட்டுக் காருக்காக ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மகன் அந்தக் கார்களில் ஒன்றை வாங்கி டாக்சி ஓட்டினான். மருமகளுக்கு அதே தொழிற்சாலையின் சோதனைத் தடத்தில் புதுக் கார்களை ஓட்டிப் பார்க்கும் வேலை.

"நான் செஞ்சேன், பையன் ஓட்டுறான், மருமக உடைச்சுப் பாக்குறா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் மாமனார்.

பிறகு வெளிநாட்டிலிருந்து மின்சாரக் கார்கள் மலிவாக வந்து இறங்கின. தொழிற்சாலை முற்றத்தில் பெட்ரோல் கார்கள் விற்காமல் வெயிலில் காய்ந்தன. பிழைக்க ஒரே வழி ஆளில்லாமல் ஓடும் கார் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அதற்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை மருமகளுக்கு வந்தது. கூரையில் கேமராக்கள் வைத்த காரை நாளெல்லாம் ஊருக்குள் ஓட்ட வேண்டும். அவள் செய்வதையெல்லாம் இயந்திரம் பார்த்துப் படித்துக்கொள்ளும்.

தடத்தில் புலியாக இருந்தவள் கடைத்தெருவில் பூனையானாள். முதல் வாரமே ஒரு தள்ளுவண்டியை உரசிவிட்டு வந்து, வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"விடும்மா, நாளைக்கு நான் பக்கத்துல உக்காந்து வரேன்" என்றான் கணவன். மேலாளரும் சரியென்றார்.

"நிக்கிற பஸ்ஸைப் பாக்காத, அதுக்கு அடியில பாரு. கால் தெரிஞ்சா ஆள் குறுக்க வரப்போறாங்க. ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டு நடந்தா ஒதுங்கிப் போ, அவங்க கண்ணுக்கு ரோடே தெரியாது" என்று மறுநாள் காரில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

மழைத் தண்ணீருக்குள் பள்ளம் இருப்பதை எப்படிக் கண்டுகொள்வது என்பதை, டாக்சி ஸ்டாண்டில் எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடும் நண்பனிடம் கேட்டு வந்து சொன்னான். எதற்குக் கேட்கிறான் என்று சுருட்டையிடம் சொல்லவில்லை.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறீங்களோன்னு தோணுது" என்றார் மாமனார்.

"மிஷின் மண்டையில இதெல்லாம் எங்கப்பா ஏறப்போகுது?" என்று மகன் சிரித்தான்.

ஏறிவிட்டது. அடுத்த ஆண்டே அந்தக் கார்கள் தெருவுக்கு வந்தன, பாதிக் கட்டணத்தில். ஸ்டாண்டில் இருந்தவர்கள் காலையிலிருந்து ஒரே செய்தித்தாளை மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

தன் டாக்சி பழுதாகிக் கிடந்த ஒருநாள், அப்பாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேறு வழியில்லாமல் அவன் ஆளில்லாக் காரில் ஏறினான். ஒரு பேருந்து நின்றது. அதன் முன்னால் யாரும் வருவதற்கு முன்பே கார் வேகத்தைக் குறைத்தது. பிறகுதான் ஒரு பெண் குறுக்கே ஓடினாள்.

"டேய், இது உன்னை மாதிரியே ஓட்டுதுடா" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். "நான் கேட்டிருக்கக் கூடாதுங்க."

"நீ எங்க கேட்ட? நானா வந்து உக்காந்தேன். நம்ம பொழப்பு போனதுகூடப் பரவாயில்ல. சுருட்டைக்குத் தெரியாம அவன்கிட்ட இருந்து எடுத்துக் குடுத்துட்டேனே."

கற்றுக்கொடுக்க இனி எதுவும் இல்லையென்று தொழிற்சாலை அவளை அந்தக் கார்களின் இருக்கைகளைத் துடைக்கும் பிரிவுக்கு மாற்றியது. அவன் டாக்சியை வந்த விலைக்கு விற்றான். அதற்குள் அவன் கற்றுக்கொடுத்த விஷயம் ஸ்டாண்டுக்கும் எட்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருட்டையின் வீட்டுக்குப் போனான். சுருட்டை வாசலில், ஒரு கடைக்காகப் பழைய சைக்கிள்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

"தப்பு பண்ணிட்டேன்டா" என்றான் இவன்.

சுருட்டை பிரஷைக் கீழே வைத்தான். "நீ சொல்லலேன்னா வேற எவனாவது சொல்லியிருப்பான். எனக்குக் கோபமெல்லாம் இல்ல. ஆனா உன்னைப் பாத்தா பேச வரல."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இவன் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். பிறகு பிரஷை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். "என்னங்க சொன்னாரு?"

"தண்ணி குடுத்தான்" என்றான்.