பல் சான்றிதழ்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாகப் பொய்ப்பல் செய்கிறார். ஊரில் பாதிப் பேர் மென்று தின்பது அவர் தயவில்தான். அப்படிப்பட்ட மனுஷன் தன் வாயில் ஒரு சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவினார் என்றால், அவரை நான் என்ன சொல்லித் திட்டுவது?

அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது. முன்னால் போக வேண்டிய ரத்தத்தில் பாதி நுரையீரல் பக்கமே திரும்பி வந்துவிடுகிறது. ஏழு மாதமாக மூன்று தலையணையில் சாய்ந்து, உட்கார்ந்தபடிதான் தூக்கம். செருப்பு மாட்டக் குனிந்தால் மூச்சு வாங்கும். மாடி ஏறும்போது நாலு படிக்கு ஒரு தடவை நின்று, போனில் ஏதோ பார்ப்பதுபோல் பாவலா காட்டுவார். ஆபரேஷனுக்கு இரண்டு தடவை தேதி கொடுத்து இரண்டும் தள்ளிப்போயின. முதலில் இவருக்குக் காய்ச்சல், அடுத்த தடவை தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை காலி இல்லை. போன வாரம் ஸ்கேனைப் பார்த்துவிட்டு சர்ஜன், "இனிமே தள்ளிப்போடக் கூடாதும்மா. இதயம் வீங்கிட்டே போகுது" என்றார்.

வால்வை மாற்றப் போவதில்லை, ரிப்பேர்தான். கிழிந்த இடத்தைத் தைத்து, அது மறுபடி விரியாமல் இருக்கச் சுற்றிலும் துணி போர்த்திய ஒரு வளையத்தை வைப்பார்களாம். அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். வாயில் சீழ் இருந்தால் அந்தக் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது வளையத்தில் குடியேறிவிடும், அப்புறம் அதை விரட்டுவது லேசில்லை என்று சர்ஜன் படித்துப் படித்துச் சொன்னார்.

இவர் எந்த டாக்டருக்குப் பல் செய்து கொடுக்கிறாரோ, அவரிடமே போய் நின்றார். "உங்க வாயை நான் பாக்கணுமாக்கும்!" என்று சிரித்தபடி அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்துவிட்டார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் அதை மூன்று நகல் எடுத்து ஃபைலில் சொருகினேன். எங்களில் ஒருத்தராவது அந்த வாயைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு, மருந்து சோப்பு போட்டுக் குளித்து வந்தவர் வார்டு குழாயில் வாய் கொப்பளித்தார். துப்பியதில் ரத்தமும் மஞ்சளாக என்னவோவும் இருந்தது.

"வாயைத் திறங்க."

"ஒண்ணுமில்ல. பிரஷ் குத்திடுச்சு."

"திறங்கன்னா திறங்க!"

தாடையைப் பிடித்துத் திறந்தேன். கீழ்வரிசைக் கடைசிப் பல்லை ஒட்டி ஈறு பட்டாணி அளவுக்கு உப்பியிருந்தது. என் விரல் பட்டதும் அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு வாரம். வலி மாத்திரை போட்டுச் சமாளிச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா தேதி போயிடும்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு விட்டார். "இன்னொரு தடவை காத்திருக்க எனக்குத் தெம்பு இல்ல. இந்தா பாரு, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன். யார்கிட்டயும் சொல்லாதே."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கெஞ்சிக் கேட்டதில்லை.

அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "மோதிரம், கண்ணாடி, பொய்ப்பல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"பொய்ப்பல் ஊர்ல எல்லாருக்கும் இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றார்.

நர்ஸ் சிரித்தாள். வண்டி தள்ளுகிறவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் என் நாத்தனார் இருந்தாள். இவருடைய ஒரே தங்கை. அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, பேசாம இருங்க. ஒரு பல்லுக்காக அண்ணனை வெளிய தள்ளிடுவாங்க. அப்புறம் எப்போ கூப்பிடுவாங்களோ. அதுவரைக்கும் அண்ணன் இருக்கணுமே!"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. சொன்னால் காத்திருந்தே போய்விடுவார். சொல்லாவிட்டால், நெஞ்சைப் பிளந்து தைத்த இடத்தில் சீழ் பிடித்துப் போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் நான்தான் கொன்றவள். எதிர்ச் சுவரில் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நாற்பது, ஏழு நாற்பத்தைந்து. அதைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. பார்க்காமலே கையெழுத்துப் போட்டவன்மேல், என்னை வைத்துக்கொண்டே வலியை விழுங்கியவர்மேல், கூடச் சிரித்த என்மேல்.

ஏழு ஐம்பதுக்கு எழுந்தேன். நாத்தனார் இழுத்தாள், உதறிவிட்டுப் போய் இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன்.

"சர்ஜனைக் கூப்பிடுங்க! கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க!"

முகமூடியோடு அவரே வந்தார். நான் உளறியதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். உடனே உள்ளே ஓடினார்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். இவருக்கு மயக்கம் கொடுத்துவிட்டார்களாம், ஆனால் நெஞ்சில் கை வைக்கவில்லையாம். ஆஸ்பத்திரிப் பல் டாக்டரைக் கூப்பிட்டு அதே மயக்கத்திலேயே பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வேரோடு சீழாம்.

"சொன்னது நல்லதாப் போச்சும்மா. இனி மூணு வாரமாவது கிருமிக்கு மருந்து ஏத்தணும். இங்கேயே வச்சுக்கிறோம். அப்புறம்தான் வால்வு."

"மூணு வாரம் தாங்குவாரா டாக்டர்?"

அவர் முகமூடியைக் கழற்றினார். "தாங்க வைக்கப் பாக்குறோம். உறுதியா சொல்ல முடியாது." போகத் திரும்பியவர் நின்றார். "தொண்டையில டியூப் போடும்போது நாங்களே பல்லைப் பாத்ததா அவர்கிட்ட சொல்லிடுறேன். உங்க பேரு எதுக்கு?"

மத்தியானம் என்னை உள்ளே விட்டார்கள். அரைக்கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் அடைத்த பஞ்சோடு சிரிக்கப் பார்த்தார். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்ற சந்தோஷம் அது. ஏழு மாதமாக அந்த முகத்தில் நான் பார்க்காத சந்தோஷம். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்தார். கட்டுப் போட்டிருக்கிறதா என்று தேடினார். மேலே தடவினார், கீழே தடவினார். சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"யாரு?" என்றார் பஞ்சுக்குள்ளிருந்து.

டாக்டர் கொடுத்த பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் நம்பியும் இருப்பார். ஆனால் இந்த ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது.

"நான்தாங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொள்ளக்கூட அந்த உடம்பில் தெம்பு இல்லை.

நான் விடவில்லை.